பாலாற்றுத் தோல் வட்டாரமும் ஆய்வுத் தேடல் கருவிகளும்: ஒரு விமர்சனம்

ஆய்வுக் கட்டுரைகளைக் கண்டுபிடிக்கவும், அவற்றைப் பற்றி விவாதிக்கவும் உதவும் இணையக் கருவிகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. கூகுள் ஸ்காலர், செமாண்டிக் ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ், சோத்கங்கா, பப்பியர் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. எத்தனை கோடிக் கட்டுரைகளைத் தேடுகின்றன, எத்தனை நொடியில் விடை தருகின்றன என்று கணக்கிட்டே இவற்றை மதிப்பிடுவது வழக்கம். இக்கட்டுரை வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரையில் நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் நீர், மண், தொழில்நுட்பம், தொழிலாளர் நிலை பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அந்த ஆய்வுகள் எந்த ஊரைப் பற்றியவையோ, அந்த ஊரில் வாழ்பவருக்கு இக்கருவிகள் எந்த அளவு பயன்படுகின்றன?

வட்டாரமும் ஆய்வும்

இவ்வட்டாரத்தில் தோல் பதனிடுதல் நெடுங்காலத் தொழில். ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் 'ஈ.ஐ.' என்ற பெயரில் ஏற்றுமதியானது. பிற்காலத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியது. 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தொழிலுக்கான முதன்மையான ஆய்வு நிறுவனம்.

தொழில் வளர்ந்த அதே வேகத்தில் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை நிலைநிறுத்தியது. அத்தீர்ப்பு இரண்டு கணக்கெடுப்புகளை முன்வைத்தது. ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்று அது கண்டது. மற்றொன்று, திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தியது. 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று அது பதிவு செய்தது. இவ்விரண்டும் ஆய்விதழ்க் கட்டுரைகளாக நீதிமன்றத்துக்கு வந்தவை அல்ல. வயலையும் கிணற்றையும் நேரில் பார்த்து எண்ணிய கணக்குகள் அவை.

தீர்ப்புக்குப்பின் அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல் தன் கணக்கை அளித்தது. 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு, 547 தோல் தொழிற்சாலைகளிடமிருந்து வசூலிக்கப்பட வேண்டும் என்றது. விவகாரம் அத்துடன் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவையில் உள்ள இழப்பீட்டை வழங்கவும், மாசைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. எந்த ஊரின் எந்தக் கிணறு, எந்த ஆண்டில், எந்த அளவு கெட்டது என்ற தகவலுக்கு இங்கே பணமதிப்பும் சட்டமதிப்பும் உண்டு.

தகவல் மையத்திலிருந்து தேடல் பெட்டிக்கு

ஆய்வுத் தகவலைத் தேடித் தரும் ஏற்பாடு இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1977இல் இந்திய அரசு தொடங்கிய தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் அமைப்பு, துறைவாரியாகத் தகவல் மையங்களை நிறுவியது. தோல் துறைக்கான மையம் அடையாற்று நிறுவனத்திலேயே அமைந்தது. உலக ஆய்விதழ்களில் வெளியானவற்றைச் சுருக்கித் தொகுத்து வெளியிடுவதும், தொழில் துறையினர் கேட்பதற்கு விடை தேடித் தருவதும் இத்தகைய மையங்களின் பணிகள்.

இதன் பின்னணியில் ஒரு நூலகச் சிந்தனை இருந்தது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தைக் காப்பதும் ஒன்று. நூலைச் சுட்டிக்காட்டியதும் நூலகரின் வேலை முடிந்துவிடுவதில்லை. வந்தவரின் தேவையைக் கேட்டறிந்து அவருக்கு உரியதைக் கொண்டுவந்து சேர்ப்பதே அவருடைய பணி என்பது ரங்கநாதனின் அணுகுமுறை.

அந்த மையத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அது ஆங்கிலத்தில் இயங்கியது. தொழில் முனைவோரையும் ஆய்வாளரையும் மனத்தில் வைத்து உருவானது. பாலாற்றங்கரை உழவர் அதன் வாசகர் பட்டியலில் இல்லை. ஆயினும் ஒன்று இருந்தது. கேள்வி கேட்டவருக்குப் பதில் தர வேண்டிய பொறுப்புள்ள ஒரு மேசையும், அதன் பின்னால் ஓர் ஆளும் இருந்தனர்.

2004இல் வந்த கூகுள் ஸ்காலர் அந்த மேசையின் இடத்தில் ஒரு பெட்டியை வைத்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான அனுராக் ஆசார்யா கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். பணமின்றி யாரும் தேடலாம் என்பது பெரிய விடுதலைதான். அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்த விடை புரியாவிட்டால், அடுத்து யாரிடம் போவது என்பதற்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. பின்னால் வந்த கருவிகள் எல்லாம் பெட்டியைப் பெரிதாக்கின. மேசையைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

ஜெர்மனி தடை விதித்தபோது

தகவல் யாரைச் சென்றடைகிறது என்பதற்கு இவ்வட்டார வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளை 1989 டிசம்பரில் ஜெர்மனி தடை செய்தது. 1994இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஜெர்மனி இந்தியத் தோலுக்கு முக்கியமான சந்தை. அடையாற்று நிறுவனமும் ஏற்றுமதி அமைப்புகளும் அரசும் இறங்கி வேலை செய்தன. மாற்றுப் பொருள்கள் சோதிக்கப்பட்டன; அச்செய்தி தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அப்போது கூகுள் ஸ்காலர் இல்லை. இணையமே இங்கு வரவில்லை. இருந்தும் ஆய்வு முடிவு ஆய்வகத்திலிருந்து டேனரி வரை சென்றது. வாங்குபவர் கேட்டார், பதில் சொல்லும் கடமை உடையவர்கள் இருந்தார்கள். கிணற்று நீரைப் பற்றி உழவர் கேட்டபோது அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லாததால் அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்று கருவிகள் பெருகிய பிறகும் இந்த வேறுபாடு மாறவில்லை.

ஊர்ப்பெயர் என்னும் சிக்கல்

இன்றைய கருவிகள் தலைப்பு, ஆசிரியர், ஆய்விதழ், மேற்கோள் எண்ணிக்கை ஆகியவற்றை நன்றாகக் கையாளுகின்றன. இடத்தை அவற்றால் அப்படிக் கையாள முடிவதில்லை. ஊரில் வாழ்பவர் கேட்கும் முதல் கேள்வியோ, 'எங்கள் ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா?' என்பதே.

வாணியம்பாடியை ஆங்கிலத்தில் நடுவில் 'ய' எழுத்து வரும்படியும் வராதபடியும் எழுதுகிறார்கள். பேரணாம்பட்டு 'பெர்ணாம்பட்' எனச் சுருங்குகிறது. ராணிப்பேட்டை சில இடங்களில் 'ராணிப்பேட்', சில இடங்களில் முழுப்பெயர். மாவட்டப் பெயர் இன்னும் சிக்கல். 1989 வரை இவை அனைத்தும் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அது பிரிந்து, பெயர் மாறி, பின்னர் வேலூர் மாவட்டமானது. 2019இல் அதுவும் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், வாலாஜாபேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஒரே கிணற்றின் நீரை 1985, 2005, 2022 ஆகிய ஆண்டுகளில் மூவர் சோதித்திருந்தால், அவர்களின் ஆய்வுகள் மூன்று வெவ்வேறு மாவட்டப் பெயர்களில் கிடக்கும்.

'திருப்பத்தூர்' என்று தேடினால் சிவகங்கை மாவட்டத்து ஊரும் வரும். 'பாலாறு' என்று தேடினால் பழனிக்கருகே உள்ள பாலாறு பொருந்தலாறு அணையும் வரும். அந்த அணை இருக்கும் திண்டுக்கல் மாவட்டமும் தோல் தொழில் மாவட்டம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். இவ்வளவும் ஒரு பெயர்ப்பட்டியலால் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும், மாவட்ட எல்லை மாறிய ஆண்டுகளையும் சேர்த்து ஒரு பட்டியல் செய்ய ஆய்வகம் தேவையில்லை.

மேற்கோள் எண்ணிக்கைக்கு முக்கியத்துவம் தரும் வரிசை முறையால் இன்னொரு சாய்வும் உண்டாகிறது. குரோமியத்தை உறிஞ்சும் பொருள்களைப் பற்றிய ஆய்வகக் கட்டுரைகள் உலகெங்கும் ஏராளம். அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டி மேலே ஏறுகின்றன. ஒரு தாலுகாவின் கிணற்று நீரை அளந்த எளிய கட்டுரையை மேற்கோள் காட்டச் சிலரே இருப்பார்கள். அது கீழே போகிறது. ஊராருக்கு வேண்டியதோ இரண்டாவது வகை.

சுவருக்கு அப்பால்

கண்டுபிடித்த கட்டுரையைப் படிக்க முடிவது அடுத்த படி. இதில் சோத்கங்கா பாராட்டத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தருவதைக் கட்டாயமாக்கியபின், காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இத்தளத்தில் அவை இயல்வாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளூர் நீரையும் மண்ணையும் பற்றி ஓர் ஆய்வேடு தரும் விவரம் ஆய்விதழ்க் கட்டுரையில் இராது. ஆனால் அங்கே தேடுவதற்குப் பல்கலைக்கழகம், துறை, வழிகாட்டி, தலைப்பு ஆகியவை தெரிந்திருப்பது நல்லது. ஊர் மட்டும் தெரிந்தவர் திணறுவார்.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பெரும் உதவி. எனினும் இத்திட்டத்தில் வாசகர் என்பவர் ஒரு நிறுவனத்தின் உறுப்பினர். பாலாற்று நீரைப் பற்றிய கட்டுரையைப் பாலாற்று நீரைக் குடிப்பவர் படிக்க, பொதுப் பணம் செலவழிந்த பிறகும் இத்திட்டத்தில் வழியில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் சட்டத் துறையில் உள்ளது. 2008இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினி அறிவியலாளர் தொடங்கிய இந்தியன் கானூன், தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்து யாரும் தேடும்படி செய்தது. இன்று ஆம்பூரில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பை முழுமையாகப் படிக்கலாம். தீர்ப்பு அவர் கைக்கு எட்டுகிறது. அத்தகைய தீர்ப்புகளுக்கு ஆதாரமாகும் அறிவியல்தான் எட்டவில்லை.

விவாதம் யாருக்கு?

வெளியான ஆய்வைப் பற்றிப் பொதுவெளியில் கேள்வி எழுப்ப 2012இல் பப்பியர் தொடங்கப்பட்டது. பெயர் சொல்லாமலும் கருத்திடலாம் என்பதால் இளம் ஆய்வாளர்கள் அச்சமின்றிப் பேச முடிந்தது. திருத்தப்பட்ட படங்கள், பொருந்தாத புள்ளிவிவரங்கள் முதலிய பல முறைகேடுகள் அதன்வழி வெளிவந்துள்ளன. அதன் பயனை மறுக்க முடியாது.

ஆனால் அங்கு நடப்பது ஆய்வாளர்களுக்கிடையிலான உரையாடல். ஒரு கட்டுரையில் 'கிணறு 14' என்று குறிக்கப்பட்ட கிணற்றின் உரிமையாளரை எண்ணிப் பாருங்கள். மாதிரி எடுத்த மாதத்தில் பெருமழை பெய்து நீர் நீர்த்திருந்தது என்பதும், தண்ணீர் எடுத்த ஆழ்குழாய் பிறகு வறண்டுபோனது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அறிவியலுக்கு வேண்டிய தகவல்தான் இது. இதை எங்கே, எந்த மொழியில், யாரிடம் சொல்வது? தம் கிணறு ஒரு கட்டுரையில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. மாதிரி எடுக்க வந்தவர் முடிவைத் திரும்பக் கொண்டுவந்து சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவின் வாக்குறுதி

கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம், ஆயிரம் கட்டுரைகளைப் படித்துச் சுருக்கி விடை தருவோம் என்கின்றன புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். மொழிச்சுவரைத் தாண்ட இது உதவும் என்ற நம்பிக்கை நியாயமானதே. எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. அறிவியல் இலக்கியத்தைச் சுருக்கித் தருவதாக மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட கேலக்டிகா, பொய்யான தகவலை நம்பத்தகுந்த நடையில் எழுதியதால் மூன்றே நாளில் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து நீரில் கசிவது ஆறு இணைதிறன் கொண்டது. அது மிகக் கொடிய நஞ்சு. தோல் அழுகாமலிருக்க இட்ட உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து மண்ணைக் கெடுப்பது மூன்றாவது சிக்கல்; அதற்குக் குரோமியத்தோடு தொடர்பே இல்லை. இம்மூன்றையும் 'தோல் கழிவு' என்ற ஒற்றைச் சொல்லில் சுருக்கித் தரும் கருவி, ராணிப்பேட்டைக்காரருக்குக் குறைவாக அஞ்சவும், வாணியம்பாடிக்காரருக்குத் தவறான பொருளைச் சோதிக்கவும் சொல்லிவிடும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை. எந்தக் கிணற்றுக்கு எந்த அளவைப் பார்ப்பது என்பதை இடம் அறிந்தவரே சொல்ல முடியும். சுருக்கம் தவறினால் அதற்குப் பொறுப்பேற்கவும் அங்கே யாரும் இல்லை.

என்ன வகைக் கருவி வேண்டும்?

இதற்கான மூலப்பொருள்கள் ஏற்கெனவே உள்ளன. மைக்ரோசாஃப்ட் தன் ஆய்வுத் தேடல் தளத்தை 2021 இறுதியில் நிறுத்தியபின், அதன் இடத்தை நிரப்ப 2022இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் தன் தரவு முழுவதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்த விட்டிருக்கிறது. அதையும் சோத்கங்காவையும் தீர்ப்புகளையும் சேர்த்து, பாலாற்று வட்டாரத்துக்கென ஓர் ஊர்வாரி அட்டவணை செய்யலாம். ஒவ்வொரு பதிவிலும் ஊர், ஆண்டு, மாதம், அளக்கப்பட்ட பொருள், கிடைத்த அளவு, முழுக்கட்டுரை இலவசமாகக் கிடைக்குமிடம், ஒரு பத்தியில் தமிழ்ச் சுருக்கம் ஆகியவை போதும்.

அடுத்து வேண்டியது மேசை. இவ்வட்டாரக் கல்லூரிகளுள் சில தோல் வணிகர்களின் கொடையால் எழுந்தவை; மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி அப்படிப்பட்ட ஒரு கொடையாளரின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பழைய கல்லூரிகள் உள்ளன. இவற்றின் நூலகங்களில் வாரம் ஒரு நாள், ஒரு நூலகரும் ஒரு வேதியியல் ஆசிரியரும் அமர்ந்து, வருபவரின் கேள்வியைப் பதிவு செய்து, குறித்த நாளுக்குள் பதில் தருவதாக ஏற்றுக்கொண்டால் கருவி முழுமையாகும். கிணற்று உரிமையாளரின் மறுமொழியும் அங்கேயே பெறப்பட்டு, உரிய கட்டுரையின் பதிவுக்குக் கீழே, ஆய்வு முடிவோடு கலக்காமல் தனியாக இடம்பெறலாம்.

இதற்கு முன்மாதிரி உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய கிராம அறிவு மையங்களில், வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தேடல் ஓரிடத்தில் நடந்தது. பயன் கடற்கரை முழுதும் கேட்டது. நடுவில் அதைச் செய்ய ஓர் ஆள் இருந்தார்.

எழக்கூடிய மறுப்புகள்

சரிபார்க்கப்படாத ஊரார் கூற்றை அறிவியலுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று ஆய்வாளர் கேட்கக்கூடும். 467 கிணறுகளின் கணக்கை உச்ச நீதிமன்றம் பொருட்படுத்தியதை நினைவிற்கொண்டால், தனியே அடையாளமிட்டு வைப்பதில் தீங்கில்லை என்பது தெரியும். ஊர்வாரி அட்டவணை வழக்குகளுக்கும் ஏற்றுமதி இழப்புக்கும் வழிவகுக்கும், அதனால் ஆயிரக்கணக்கானோரின் வேலை போகும் என்று தொழிற்சாலை உரிமையாளர்கள் அஞ்சலாம். இந்த அச்சத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. வட்டாரத்தின் சோறு இத்தொழிலில் இருக்கிறது. ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செலவிட்ட உரிமையாளர்கள், நிலைமை சீரடைந்த இடங்களை ஆண்டுவாரியாகக் காட்டவும் அதே அட்டவணைதான் உதவும். பழைய கட்டுரை ஒன்றை இன்றைய நிலையாக வாங்குபவர் எடுத்துக்கொள்வதைத் தடுப்பதும் அதுவே.

மதிப்பீடு

புதிய தேடல் கருவிகள் ஆய்வாளருக்கு அளித்த வசதி உண்மையானது. ஆய்வுக்கு உட்பட்ட ஊருக்கு அவை அளித்தது குறைவு. அவற்றின் குறை வேகத்திலோ கட்டுரை எண்ணிக்கையிலோ இல்லை. இடத்தை அறியாமை, தமிழில் பேசாமை, பதில் சொல்லும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காமை ஆகிய மூன்றுமே குறைகள். முதல் இரண்டையும் ஒரு சிறு குழு சில மாத உழைப்பில் பெருமளவு சரிசெய்துவிடலாம். மூன்றாவதற்கு ஒரு நிறுவனம் முன்வந்து, 'இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் தருவோம்' என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தோல் வாங்கிய ஜெர்மானியருக்கு அப்படிப் பதில் சொல்ல 1990களில் இங்கே ஆட்கள் இருந்தார்கள். பாலாற்றங்கரைக் கிணற்றுக்காரருக்கு அதே மரியாதை கிடைக்கும்போதுதான் இக்கருவிகளின் வளர்ச்சியை இவ்வட்டாரத்தின் வளர்ச்சியாகவும் கொள்ள முடியும்.